கிணத்துக்கடவுச் சுவரில் என் கண்ணீர் அஞ்சலி

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைகள் திறக்காத, சாலையில் ஆள் நடமாட்டம் இல்லாத விடிகாலை. கிணத்துக்கடவு சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் நீளச் சுவரோரமாக நான் நடந்து வருகிறேன். கறுப்புச் சேலை, அதன்மேல் கறுப்பு ரெக்ஸின் கோட்டு, கண்ணைச் சுற்றி அப்பிய மை. சுவர் நெடுக வரிசையாக என் முகம். ஒவ்வொரு முகத்துக்கு மேலும் 'கண்ணீர் அஞ்சலி' என்று கொட்டை எழுத்து. ஒட்டிய மைதாப் பசை இன்னும் காயவில்லை. அந்தப் புளித்த வாசம் மூக்கில் ஏறுகிறது.

"திரும்பிப் பாக்காத கோகிலா! செத்தவ எப்புடித் திரும்பிப் பாப்பா?" என்று அன்சார் கத்துகிறான்.

கேமராவைப் பிடித்தபடி பின்னுக்கு நடந்துகொண்டிருந்தவன், தூங்கிக்கொண்டிருந்த நாயின் வாலை மிதித்தான். நாய் அலறிக்கொண்டு எனக்கும் என் சுவரொட்டிக்கும் நடுவே ஓடியது. எங்கள் டிரம்ஸ்காரன் செல்வின் சாலையோரத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். அவ்வளவு சிரித்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

சென்ற இதழைப் படித்துவிட்டு ஒரு வாசகர் எழுதியிருந்தார். "ராக் பேண்டு வைத்திருந்தோம் என்று வாராவாரம் அளக்கிறீர்கள். தேடிப் பார்த்தால் ஒரு வீடியோகூட இல்லையே, நிஜமாகவே பாடினீர்களா?" என்று கேட்டிருந்தார். கோபம் வந்தது. நியாயமான கேள்விதான் என்பதால் இன்னும் கொஞ்சம் கோபம் வந்தது. வீடியோ எடுத்தோம் ஐயா. அது ஏன் வெளியே வரவில்லை என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

வயர் இல்லாத கிட்டார்

நாங்கள் மூன்று பேர். நான் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். பெயர்தான் கோகிலா, குரல் தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி. அந்தக் குரலுக்கு ராக்கைத் தவிர வேறு கதி இல்லை. அன்சார் கிட்டார். உக்கடத்தில் அவர்கள் குடும்பத்துக்கு போல்ட், நட்டு விற்கிற கடை. செல்வின் டிரம்ஸ். போத்தனூர் ரயில்வே குடும்பம், ஏசி மெக்கானிக், என் கணவர்.

மூன்று பேரும் ராக் பாட்டைக் கேட்டு வளர்ந்ததைவிடப் பார்த்து வளர்ந்தோம் என்பதுதான் சரி. கேபிள் வந்த புதிதில் ஏதோ ஒரு சேனலில் அந்த வீடியோக்கள் ஓடும். இங்கிலீஷ் பாதி புரியாது. படம் முழுக்கப் புரியும். ஏனென்றால் எல்லாவற்றிலும் அதே படம்தான். ஆள் இல்லாத பாழடைந்த கட்டடம். மினுக் மினுக்கென்று உயிர் விடுகிற டியூப் லைட். புகை. எங்கிருந்தோ ஒரு காற்று, அது பாடுகிறவர் தலைமுடியில் மட்டும் வீசும். கல்யாண கவுன் போட்ட ஒரு பெண் மழையில் ஓடுவாள், ஏன் ஓடுகிறாள் என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது மலை உச்சியில் நின்று கிட்டார் வாசிக்கிற ஆள். சுற்றிலும் பள்ளத்தாக்கு, கிட்டாரில் வயரே இருக்காது. எலெக்ட்ரிக் கிட்டார் கரண்டு இல்லாமல் எப்படி அலறுகிறது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

அன்சார் யோசித்ததே இல்லை. எங்கள் வீடியோவுக்கான அவனுடைய சோலோவை உக்கடம் பெரியகுளத்துக் கரையில் எடுத்தோம். காலை அகட்டி, முகத்தை வானத்துக்குத் தூக்கி, ஏதோ பெரிய வேதனையில் இருப்பவன்போல வாசித்துக்கொண்டிருந்தான். நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, கரண்டு எங்கிருந்துங்க எடுக்கறீங்க?"

அன்சாரின் வேதனை அத்தோடு முடிந்தது. அந்தக் காட்சியை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

கோழிப் பண்ணைக் காற்று

காற்றுக்கு என்ன செய்வது? சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் பெரிய விசிறியை வாடகைக்கு எடுக்க எங்களுக்கு வக்கில்லை. கிணத்துக்கடவில் அப்பாவின் தோப்புக்கு அடுத்தாற்போல ஒரு பிராய்லர் கோழிப் பண்ணை. கொட்டகையின் கோடியில் ஆளை விழுங்குகிற அளவு காற்றாடிகள் சுற்றும். கொட்டகை காலியாக இருந்த ஒரு நாளில், பண்ணைக்காரரிடம் கெஞ்சி அவற்றைப் போடச் சொன்னோம்.

என் முடி பறந்தது. ராக் வீடியோவில் பறப்பதைவிட நன்றாகவே பறந்தது. கூடவே கொட்டகையில் மிச்சமிருந்த இறகு, தூசி, காய்ந்த எச்சம் எல்லாம் பறந்து வந்து மை அப்பிய என் முகத்தில் ஒட்டிக்கொண்டன. "சூப்பரா இருக்குது! தேவதைக்கு இறகு உதிர்ற மாதிரி இருக்குது!" என்றான் அன்சார். தேவதையிடம் அடித்த நாற்றம் அவனுக்கு எட்டவில்லை.

வெள்ளைக் குதிரை வேண்டும் என்றும் அவன் ஒற்றைக்காலில் நின்றான். கிடைத்தது வெள்ளைக் காங்கேயம் காளை. அது செல்வினின் டிரம்ஸை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புல்லை நோக்கிப் போய்விட்டது.

இதையெல்லாம் சொல்வது உங்களைச் சிரிக்க வைக்க மட்டுமல்ல. அந்த நாட்களில் நாங்கள் எங்களைச் சுற்றி இருந்ததை எந்தக் கண்ணால் பார்த்தோம் என்று தெரிய வேண்டும். கோழிப் பண்ணை எங்களுக்குக் காற்று. குளம் எங்களுக்குப் பள்ளத்தாக்கு. எதுவும் எங்களுக்கு அதுவாக இருக்கவில்லை.

கீழ யார் பேருங்க போடறது?

நான் எழுதிய பாட்டு, பழைய கோகிலா செத்துப்போவதைப் பற்றியது. அப்படி ஒரு பாட்டு என்றால் ராக் வீடியோவில் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. பாடுகிறவர் தன் சாவுக்குத் தானே போவார். சவப்பெட்டி, மெழுகுவர்த்தி, தேவதை சிலை வைத்த கல்லறை. கடைசியில் பெட்டியிலிருந்து எழுந்து உட்கார்ந்து நேராக நம்மைப் பார்ப்பார்.

பெட்டிக்கு செல்வின் ஏற்பாடு செய்வதாக இருந்தது. செய்தி என் மாமியார் காதுக்குப் போனது. "பொட்டி கிட்டின்னு ஊட்டுப் பக்கம் வந்தீங்கன்னா, மூணு பேரையும் அதுக்குள்ளயே வெச்சு ஆணி அடிச்சுப்போடுவேன்" என்றார். பெட்டித் திட்டம் அத்தோடு செத்தது.

அப்போதுதான் அன்சாருக்கு அந்த யோசனை வந்தது. "கல்லறை, தேவதையெல்லாம் வெள்ளக்காரன் சமாச்சாரம். நம்மூர்ல ஒருத்தரு செத்தா மொதல்ல என்ன வரும்? போஸ்டர். உன்ற போஸ்டர் ஒட்டுன சுவர் ஓரமா நீயே நடந்து வர்ற. உலகத்துல எவனும் எடுக்காத ஷாட்டு."

எனக்குப் புல்லரித்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே புல்லரித்தது.

உக்கடத்தில் ஓர் அச்சகத்துக்குப் போனோம். கம்ப்யூட்டரில் எல்லாம் தயாராக இருந்தது. குத்துவிளக்கு, ரோஜா மாலை, கண்ணீர்த்துளி. படத்தையும் பெயரையும் மாற்றினால் போதும். அங்கிருந்தவர், செத்தவளே எதிரில் நிற்பது தெரியாமல், துக்க முகத்தோடு விசாரித்தார்.

"பொண்ணுன்னா அப்பா பேரு வேணுமுங்களே. இன்னார் மகள்னு."

நான்தான் சொன்னேன். ஊர்ப் பெயரோடு சேர்த்து, எழுத்துப் பிழை வராதபடி, அப்பாவின் முழுப் பெயரையும் நானேதான் சொன்னேன்.

"கீழ யார் பேருங்க போடறது?"

"குடும்பத்தார்னு போட்டுருங்க. அப்பத்தான் நெஜமா இருக்கும்" என்றான் அன்சார்.

நிஜமாகத்தான் இருந்தது. சுவரோரம் நடக்கும் காட்சியை நாய் கெடுத்ததால், அடுத்த ஞாயிறு மறுபடி எடுப்பதென்று முடிவாயிற்று. அதுவரை போஸ்டர்கள் சுவரிலேயே இருக்கட்டும், வெயிலில் கொஞ்சம் மங்கினால் இன்னும் அழகு என்று பேசிக்கொண்டு கோயமுத்தூர் திரும்பினோம். தோப்பு வீட்டில் அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதத்தை வண்டியிலேயே சாப்பிட்டோம்.

ஒறம்பரை வந்த வீடு

அந்த வார நடுவில் அம்மா போன் செய்தார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"கண்ணு, ரெண்டு நாளா ஊட்டுக்கு ஒறம்பரை வந்துட்டே இருக்கறாங்க."

ஒறம்பரை என்றால் உறவுக்காரர்கள். எங்கள் வீட்டுக்கு அவர்கள் வருவது சாதாரணச் செய்தி அல்ல. நான் செல்வினைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அந்த வாசலை அவர்கள் மிதிக்கவில்லை. கல்யாணம், காதுகுத்து எதற்கும் பத்திரிகை வராது. வழியில் பார்த்தால் அப்பாவிடம் பேச மாட்டார்கள்.

ஏன் என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துச் சில குடும்பங்களில் ஒரு பழக்கம் இருக்கிறது, எழுதவே கூசுகிறது. வீட்டுப் பெண் தன் விருப்பத்துக்கு வேறு சாதியிலோ மதத்திலோ கல்யாணம் செய்துகொண்டால், அவள் படத்தைப் போட்டு கண்ணீர் அஞ்சலி அடித்து ஊரெல்லாம் ஒட்டிவிடுவார்கள். அவள் எங்கோ உயிரோடு சோறாக்கிக்கொண்டிருப்பாள். இங்கே அவள் செத்தாயிற்று. அப்படி ஒட்டினால்தான் அந்தக் குடும்பத்துக்கு ரோசம் இருக்கிறது என்று பெயர்.

என் கல்யாணத்தின்போது என் அப்பாவையும் ஒட்டச் சொன்னார்கள். அத்தையின் வீட்டுக்காரர், எனக்கு மாமா, காகிதச் செலவும் தன்னுடையது என்று முன்னால் நின்றார். அப்பா சத்தம் போடுகிற ஆள் அல்ல. "உசுரோட இருக்கற புள்ளைக்கு நா எப்புடீங்க ஒட்டறது" என்று மட்டும் சொன்னாராம். அதன் பிறகு எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டும் அதையேதான் சொன்னாராம். அந்த ஒரு வார்த்தைக்காக இத்தனை வருடம் ஊரில் தனியாக நடமாடினார்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். என்னோடு படித்த பெண்ணுக்கே அப்படி ஒட்டியதைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் அச்சகத்தில் நின்றபோது அந்த நினைவு எனக்கு வரவே இல்லை. என் கண்ணுக்கு அது தேவதை சிலை வைத்த கல்லறைதான். இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். எனக்கே நம்ப முடியவில்லை.

"அப்பாவுக்கு மொதல்ல வெவரமே தெரியாது கண்ணு," என்றார் அம்மா. "இத்தன நாள் கழிச்சு வாராங்களேன்னு அத்தன சந்தோசம். எளநி வெட்டிக் குடுத்தாரு. உங்க மாமா, பேத்தி வயசுக்கு வந்த சீருக்குப் பத்திரிக்கை கொண்டாந்து வெச்சாரு. இப்பத்தான் மச்சா உங்களுக்கு ரோசம் வந்துருக்குதுன்னு தோளத் தட்டிக் குடுத்தாரு. என்ன ஏதுன்னு கேட்ட பொறவுதான் தெரிஞ்சுது. அப்ப எந்திரிச்சுத் தோப்புக்குள்ள போனவரு, இன்னும் ஊட்டுக்கு வரல."

போனை வைத்த பிறகும் எனக்கு உடம்பு எரிந்தது. அதை வெட்கம் என்று சொல்வதா, அவமானம் என்று சொல்வதா தெரியவில்லை. யாரோ என்னைச் சந்தை நடுவில் நிறுத்தியது போல இருந்தது. பிறகுதான் உறைத்தது, நடுவில் நின்றுகொண்டிருந்தது நான் அல்ல.

சுவர்

செல்வினும் நானும் உடனே கிளம்பினோம். அன்சாரும் கடையை அவன் அண்ணனிடம் விட்டுவிட்டு வந்தான். வழியெல்லாம் "நாந்தான் ஐடியா குடுத்தேன், நானே சொல்லிக்கறேன்" என்று புலம்பிக்கொண்டே வந்தான்.

அப்பா தோப்பில் பம்பு செட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டு, வீடியோ, மாமியார், பெட்டி, அச்சகம். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் இன்னும் கேவலமாகக் கேட்டது. ராக் வீடியோ என்றால் என்ன என்று என் அப்பாவுக்கு விளக்க வேண்டியிருந்ததே, அதைவிட ஒரு தண்டனை இல்லை.

அவர் தலையைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் படத்துல, முடிவுல நீ எந்திரிச்சு வந்துருவியா கண்ணு?"

"வந்துருவேனுங்கப்பா."

"அப்பச் செரி."

எழுந்தார். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு தகரத் துண்டும் எடுத்துக்கொண்டார். நாங்கள் செய்கிறோம் என்று மூவரும் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

சுவருக்கு எதிரே சரோஜா அக்காவின் டீக்கடை. கூட்டம் இருந்தது. எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். அப்பா தண்ணீரை அள்ளி அடித்து, ஊறவிட்டு, சுரண்ட ஆரம்பித்தார். குடும்பத்தார் என்பதைச் சுரண்டினார். தன் பெயரைச் சுரண்டினார். கண்ணீர் அஞ்சலியைச் சுரண்டினார். என் முகம் வந்ததும் நிறுத்திவிட்டு அடுத்த போஸ்டருக்குப் போனார். அடுத்ததிலும் அப்படியே.

"மொகத்தையும் சொரண்டிப் போடுங்கப்பா" என்றேன்.

"அதுல எப்புடிக் கண்ணு தகரத்த வெக்கறது? நீயே பண்ணிக்க."

நான் நகத்தால் என் முகத்தைக் கிழிக்க ஆரம்பித்தேன். அப்போது சாய்வெயில் சுவரில் விழுந்திருந்தது. ஈரச் சுவர், பாதி கிழிந்த முகங்கள், குனிந்த முதுகோடு ஒரு மனிதர். என்ன ஒரு ஷாட் என்று என் மனசு சொன்னது. அன்சாரைப் பார்த்தேன். அவன் கையும் சட்டைப் பையிலிருந்த போனுக்குப் போய்விட்டுத் திரும்பியது. இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். இந்தக் கதையில் எனக்குத் தாங்க முடியாதது அந்த ஒரு விநாடிதான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

மாமாவின் வண்டி வந்து நின்றது.

"ஏனுங்க மச்சா, ஒட்டுன ஈரங்கூடக் காயல, எதுக்குங்க கிழிக்கறீங்க? ஊரு சிரிக்காதுங்களா?"

நான் முன்னால் போனேன். "மாமா, அது வந்துங்க, அந்தப் போஸ்டர..."

அப்பாவின் ஈரக்கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"நாந்தானுங்க ஒட்டுனேன்," என்றார். டீக்கடை வரைக்கும் கேட்கும்படி சொன்னார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "புத்தி கெட்டுப்போயி ஒட்டிப்போட்டேன். இப்ப நானே கிழிக்கறேன். எம்பட பொண்ணு உசுரோட இருக்கறா. இதா நிக்கறா, பக்கத்துல எம்பட மாப்ளே நிக்கறாரு. நீங்க வெச்ச பத்திரிக்கைய எடுத்துட்டுப் போயிக்கலாமுங்க."

மாமா காறித் துப்பிவிட்டு வண்டியைக் கிளப்பினார். செல்வின் அசையாமல் நின்றான். அதுவரை அப்பா அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"ஏனுங்கப்பா அப்புடிச் சொன்னீங்க? நாந்தான ஒட்டுனேன்" என்று கேட்டேன்.

"உசுரோட இருக்கறவ தனக்குத்தானே ஒட்டிக்கிட்டான்னா, உன்னயப் பைத்தியம்னு பேசுவாங்க கண்ணு. எனக்குப் பேச்சு வாங்கிப் பழக்கந்தான். போச்சாது உடு."

வாளியில் தண்ணீர் தீர்ந்திருந்தது. அப்பா அதை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். இத்தனை வருடம் எதைச் செய்ய மாட்டேன் என்று நின்றாரோ, அதைச் செய்தவராகவே அந்தக் கூட்டத்தின் நடுவே நடந்து போனார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

டீக்கடையிலிருந்து சரோஜா அக்கா சாலையைத் தாண்டி வந்தார். நல்ல மனுஷி, கண் கலங்கியிருந்தது. ஈரக் காகிதம் ஒட்டியிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பன் ஏதோ கோவத்துல செஞ்சுபோட்டாரு அம்மணி. பெத்த மனசு, தாங்க மாட்டாம அவரே வந்து கிழிக்கறாரு பாரு. மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. அவர மன்னிச்சுரு."

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரிங்கக்கா" என்றேன்.